முந்நூற்றுப் பன்னிரண்டாவது கதவு

அந்த மருத்துவமனையில் கெட்ட செய்தி சொல்வதற்கென்றே ஒரு சுற்றறிக்கை இருந்தது. பதினேழு பக்கம். செய்தி சொல்பவர் எவ்வளவு முன்னால் சாய்ந்து உட்கார வேண்டும், பெற்றோரின் கண்ணைப் பார்த்த பிறகு எத்தனை வினாடி கழித்துத் தரையைப் பார்க்க வேண்டும், பெருமூச்சு விட்டால் அது எதிராளி காதில் விழலாமா என்பதெல்லாம் அதில் படம் போட்டு விளக்கப்பட்டிருந்தது. நான்காம் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு விதி. மேசையின் மேல், பெற்றோரின் வலது கைக்கு எட்டும் தூரத்தில், ஒரு டிஷ்யூ பெட்டி இல்லாமல் எந்தக் கெட்ட செய்தியும் சொல்லப்படக் கூடாது.

அன்றைக்குப் பெட்டி இல்லை. ஸ்டோருக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். தீர்ந்துவிட்டது என்று பதில் வந்தது. ஆகவே போர்டுக்காரருக்கும் அவர் மனைவிக்கும் அவர்களுடைய குழந்தையைப் பற்றிய செய்தி வியாழக்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

போர்டுக்காரர் என்றால் கடைக்கும் கம்பெனிக்கும் பெயர்ப்பலகை செய்து தருகிறவர். தூரிகையிலும் எழுதுவார், மெஷினில் வெட்டியும் ஒட்டுவார். எழுத்து அவ்வளவு சுத்தம். 'இங்கே வண்டி நிறுத்தாதே' என்று அவர் ஒரு வாசலில் எழுதி முடித்து ஏணியை விட்டு இறங்குவதற்குள், அங்கே நின்றிருந்த லாரி ஆள் இல்லாமலே தானாக நகர்ந்து போய்விட்டதாகச் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. லாரி டிரைவர் சொன்னதுதான்.

மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அந்த வண்டிகளில் கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்குமே, பதினொரு வருடமாக அவளுடைய வலது கால் அதன்மேல்தான் இருந்தது. நாளடைவில் கால் வண்டிக்கு வெளியிலும் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. புருஷன் சூடான தேநீரை ஆற்றாமல் குடித்தால் அவள் பாதம் தரையை அழுத்தும். பக்கத்து வீட்டுக்காரர் தொலைபேசியில் கத்தினால் அழுத்தும். அப்படி அழுத்தும்போது எதிரில் இருப்பவர் ஒரு நொடி நின்றுதான் பேச்சைத் தொடர்வார். அது ஏன் என்று அவருக்கே தெரியாது.

ஐந்தரை மாதத்தில் எடுத்த ஸ்கேனில்தான் ஆரம்பித்தது. ஸ்கேன் டாக்டரின் கை வயிற்றின் மேல் ஓர் இடத்தில் நின்றது. அவர் இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். அவர் மூன்றாமவரைக் கூப்பிட்டார். மூன்று தலையும் திரையில் முட்டிக்கொள்கிற அளவுக்குக் குனிந்து எழுந்தன.

"என்ன டாக்டர் தெரியுது?" என்றாள் அவள்.

"தெரியறது தெரியுதும்மா. ஆனா பாக்கறதுதான் எங்க வேலை. சொல்றதுக்குத் தனியா துறை இருக்கு. மூணாவது மாடி."

மூன்றாவது மாடியில் ஒரு பெரிய கண்ணாடிக் கதவு. 'பெற்றோருக்கு முக்கியமானவற்றைக் கண்டறியும் துறை' என்று அதில் எழுதியிருந்தது. போர்டுக்காரர் உள்ளே போவதற்கு முன் ஒரு வினாடி நின்று, "எழுத்துக்கு நடுவுல இடைவெளி சரியில்ல" என்றார். அவள் கால் தரையை அழுத்தியது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

வியாழக்கிழமையும் டிஷ்யூ பெட்டி வரவில்லை. துறையின் ஆலோசகர் ஒரு மெலிந்த பெண்மணி. பயிற்சி முடித்துப் புதிதாக வந்தவர். முகத்தில் ஏற்கெனவே பாதி அனுதாபத்தை வரவழைத்து வைத்திருந்தார். மீதிப் பாதிக்குப் பெட்டி வேண்டும். போர்டுக்காரரின் மனைவி தன் கைக்குட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இந்தாங்க. இப்ப சொல்லுங்க."

"சொந்தக் கர்ச்சீப் விதியில இல்லைங்கம்மா. நீங்க இதுல அழுதா, துறை ஆறுதல் சொன்னதா பதிவாகாது."

"நான் அழப்போறதே இல்ல. சும்மா சொல்லுங்க."

"அழாட்டியும் பெட்டி வேணும்மா. பெட்டி இல்லாததால அழலையா, நிஜமாவே அழலையான்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கறது?"

இதற்கு என்ன பதில் சொல்வது? ஊரில் பெரிய பெரிய வக்கீல்களிடம் நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். அவர்களும் கைவிரித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை ஒரு வழி பிறந்தது. துறை இயக்குநரின் காரின் பின்சீட்டில் ஒரு பெட்டி இருப்பது கண்டுபிடிக்கப்பட்டு, கையெழுத்து வாங்கி, மூன்றாவது மாடிக்குக் கொண்டுவரப்பட்டது. உள்ளே ஒரு தாள்கூட இல்லை. ஆனால் பெட்டி இருக்க வேண்டும் என்றுதான் விதியே தவிர, பெட்டிக்குள் ஏதாவது இருக்க வேண்டும் என்று இல்லை. ஆலோசகர் அளவுநாடாவால் தூரம் பார்த்து அதை வைத்தார். சரியாகச் சாய்ந்தார். கண்ணைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"குழந்தைக்கு மேலுதட்டுல பிளவு இருக்கும்மா. அண்ணத்துலயும், அதாவது வாய்க்குள்ள மேல்பக்கம், பிளவு இருக்கலாம்னு சந்தேகம்."

பத்து நாளாக இருவரும் என்னென்னவோ நினைத்து உருகிப் போயிருந்தார்கள். இருதயம் என்று நினைத்தார்கள். மூளை என்று நினைத்தார்கள். அவரவர் நினைத்ததை அடுத்தவரிடம் சொல்லாமல் மென்று விழுங்கினார்கள். இப்போது விஷயம் இதுதான் என்று தெரிந்தவுடன் அவளுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சோடு ஒரு கேள்வியும் வந்தது.

"பால் குடிக்குமா?"

ஆலோசகர் சுற்றறிக்கையைப் புரட்டினார். முன்னாலிருந்து பின்னால் போனார். பின்னாலிருந்து முன்னால் வந்தார்.

"நல்ல கேள்விம்மா" என்றார் கடைசியில். "ரொம்ப முக்கியமான உணர்வு. நாங்க அதை மதிக்கிறோம்."

"உணர்வு இல்லைங்க. கேள்வி. உதடு பிளந்திருந்தா எப்படிச் சப்பும்? பால் குடிக்குமா, குடிக்காதா?"

"உங்களுக்கு எது முக்கியம்னு கண்டுபிடிக்கத்தாம்மா இந்தத் துறையே இருக்கு" என்று ஆலோசகர் ஒரு படிவத்தை நீட்டினார். "இதை நிரப்பிக் குடுங்க. கண்டுபிடிச்சுடுவோம்."

நூற்று அறுபத்திரண்டு கேள்வி. செய்தி சொல்லப்பட்ட அறையின் சுவர் நிறம் உங்கள் துயரத்துக்கு ஏற்றதாக இருந்ததா என்பது பதினான்காவது. ஆலோசகரின் குரல் பஞ்சு போல இருந்ததா வெண்ணெய் போல இருந்ததா என்பது நாற்பத்தேழாவது. 'இந்தப் படிவம் உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?' என்று எண்பத்தெட்டாவது கேள்வி கேட்டது. அதற்கு இரண்டே பதில்: மிக முக்கியம், மிக மிக முக்கியம். பாலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் முடிந்து கடைசியில், நூற்று அறுபத்திரண்டாவதாக, 'மற்றவை' என்று போட்டு ஒரு சிறிய கட்டம் இருந்தது. கட்டைவிரல் நகம் அளவு.

"இதுல எப்படிங்க எழுதறது?" என்றாள் அவள்.

"தள்ளு" என்றார் போர்டுக்காரர். சட்டைப்பையிலிருந்து மெல்லிய முனைப் பேனாவை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த நகக்கட்டத்துக்குள் 'பால் குடிக்குமா?' என்று எழுதினார். கேள்விக்குறியின் வால்கூட வெளியே போகவில்லை.

படிவம் வாங்கும் எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"மற்றவையில எழுதியிருக்கீங்களே? அதுல யாரும் எழுதறதில்லையே. அப்போ நீங்க மற்றவைப் பிரிவுக்குப் போகணும். ஒன்பதாவது ஜன்னல். செவ்வாய்க்கிழமை மட்டும்."

செவ்வாய்க்கிழமை ஒன்பதாவது ஜன்னலில் இருந்தவர் கேட்டார்: "இது உங்களுக்கு முக்கியமா?"

"இதுதான் சார் முக்கியம்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"அப்போ இங்க வராதீங்க. முக்கியமானதுன்னா அது மூணாவது மாடி. முக்கியமில்லாததுதான் மற்றவை. வேணும்னா முக்கியமில்லன்னு எழுதிக் குடுங்க, நான் உடனே எடுத்துக்கறேன்."

திரும்பும்போது அவள்தான் வண்டியை ஓட்டினாள். கூரையில் பயிற்சிப் பள்ளியின் மஞ்சள் பலகை. அதுவும் அவர் எழுதியதுதான். சிக்னலில் நின்றபோது, முன்னால் பார்த்தபடியே சொன்னாள்.

"போன மாசம் ஒரு ஆளுக்குச் சொல்லிக் குடுக்கும்போது சைக்கிள் குறுக்க வந்துடுச்சு. சடார்னு பிரேக் போட்டேன். பெல்ட் வயித்துல நல்லா இறுக்கிடுச்சு. அதனாலயா இருக்குமோங்க?"

"சேச்சே" என்றார் அவர். ஆனால் அவருக்கும் தெரியாது. தெரியாமல் சொல்கிற 'சேச்சே' எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சிக்னல் பச்சையாகியும் அவள் கால் பிரேக்கிலிருந்து எழவில்லை. பின்னாலிருந்து நாலைந்து வண்டிகள் ஒன்றாக ஹாரன் அடித்தன.

இரண்டு வாரம் கழித்து இயக்குநரிடமிருந்தே அழைப்பு வந்தது. நேரில் வரவும், உங்கள் படிவம் சம்பந்தமாக. இருவரும் அரைமணி முன்னதாகவே போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

இயக்குநர் உருண்டையான மனிதர். உட்கார்ந்திருக்கும்போதும் மேடையில் நிற்பது போலவே பேசுவார். "உங்க படிவத்தை முழுசாப் படிச்சேன்" என்றார். "ஒரு பதில் என்னை அப்படியே உலுக்கிடுச்சு."

"நூத்தி அறுபத்திரண்டுதானே சார்?" என்றாள் அவள்.

"இல்லம்மா. மூணு. தொழில்: பெயர்ப்பலகை செய்தல்." இயக்குநர் எழுந்து போர்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். "எட்டு வருஷமா உங்களைத்தான் தேடிட்டு இருந்தோம்."

விஷயம் இதுதான். மருத்துவமனையின் எல்லாக் கதவுகளுக்கும் புதுப் பலகை மாட்டுவதென்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. அதோடு, பெற்றோரையும் பங்கேற்க வைக்க வேண்டும் என்று இன்னொரு முடிவும் ஆகியிருந்தது. பலகை செய்கிற ஒருவரே பெற்றோராகவும் வந்து வாய்த்தால் இரண்டு முடிவும் ஒரே கல்லில் விழுந்துவிடும். போர்டுக்காரருக்கு முந்நூற்றுப் பதினொரு பலகைக்கான பட்டியலும், சட்டையில் குத்திக்கொள்ள 'பெற்றோர் பிரதிநிதி' என்ற வில்லையும் அன்றைக்கே தரப்பட்டன.

"அந்தப் பால் விஷயம் சார்..."

"குழுவுல வைப்போம்" என்றார் இயக்குநர். "நீங்கதான் இப்போ குழுவுலயே இருக்கீங்களே!"

குழு கூடிய நாளில் நீள மேசையைச் சுற்றிப் பத்தொன்பது பேர். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு தண்ணீர் பாட்டில். அந்தப் பாட்டில்களைப் பார்க்கப் பார்க்க போர்டுக்காரருக்கு வேறு பாட்டில்தான் ஞாபகம் வந்தது. இயக்குநர் எழுந்தார்.

"நண்பர்களே! பெற்றோருக்கு எது முக்கியம் என்ற ஒரே கேள்விக்காக நாம் எட்டு ஆண்டுகளை அர்ப்பணித்திருக்கிறோம். இதுவரை ஆறாயிரம் படிவங்கள். அவற்றைப் பாதுகாக்க இரண்டு அறைகள். அந்த அறைகளைப் பாதுகாக்க நான்கு பேர். முடிவு என்ன தெரியுமா? தொண்ணூற்று நான்கு சதவீதப் பெற்றோருக்கு, தங்களுக்கு எது முக்கியம் என்று கேட்கப்படுவது முக்கியமாக இருக்கிறது! மீதி ஆறு சதவீதம் பேர் படிவத்தைத் திருப்பித் தரவில்லை. குழந்தை பிறந்துவிட்டது என்று சாக்குச் சொல்கிறார்கள்."

கைதட்டல் அடங்கியபோது போர்டுக்காரர் கையைத் தூக்கினார்.

"பிரதிநிதி பேசக் கூடாதுங்க" என்று பக்கத்தில் இருந்த உறுப்பினர் காதோடு சொன்னார். "நீங்க எல்லாப் பெற்றோருக்கும் பிரதிநிதி. உங்க குழந்தையைப் பத்திக் கேட்டா அது சொந்த விஷயம் ஆயிடும்."

"அப்போ வேற யாராவது பெற்றோரைக் கூட்டிட்டு வந்து கேக்கச் சொல்லட்டுமா?"

"அவங்க எப்படிங்க கேக்க முடியும்? அவங்க பிரதிநிதி இல்லையே."

போர்டுக்காரர் கையை இறக்கினார். இறக்கிய கையால் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். தனக்குக் குடிக்க வருகிறது என்பது அன்றைக்கு ஒரு பெரிய விஷயமாகப் பட்டது அவருக்கு.

வேலை மட்டும் நடந்தது. பலகை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பட்டியலை நம்ப மாட்டார்கள். கதவை நம்புவார்கள். கையில் அளவுநாடாவோடு மாடி மாடியாக நடந்து, ஒவ்வொரு கதவாகத் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்தபோது முந்நூற்றுப் பன்னிரண்டு வந்தது. மறுபடி எண்ணினார். அதே முந்நூற்றுப் பன்னிரண்டு. ஒரு கதவு அதிகம்.

எழுத்தரிடம் கேட்டார்.

"ஓ, அதுவா! கீழ்த்தளத்துல, துணி வெளுக்கற இடத்துக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கு. அதுக்கு என்ன பேர் வைக்கறதுன்னு குழுவுல ஆறு வருஷமாப் பேசிட்டு இருக்காங்க. பாதிப் பேர் மையம்ங்கறாங்க, பாதிப் பேர் கூடம்ங்கறாங்க. பேர் இல்லாததால பலகை இல்ல. பலகை இல்லாததால யாரும் போறதில்ல. யாரும் போகாததால அப்படி ஒண்ணு தேவையே இல்லன்னு போன வருஷ அறிக்கையில போட்டுட்டோம்."

"உள்ள யாராவது இருக்காங்களா?"

"ஒரு நர்ஸம்மா இருந்தாங்க. இருக்கணும்" என்றார் எழுத்தர் சந்தேகமாக.

அன்று மாலை மனைவி அவரைக் கூட்டிப்போக வண்டியோடு வந்திருந்தாள். அப்போது ஏழரை மாதம். "ஒரு கதவு பாக்கணும், வரியா?" என்று கூட்டிக்கொண்டு போனார். நீராவியும் சோப்பு வாசனையும் அடிக்கிற நடைபாதையைத் தாண்டி, ஈரப் போர்வை வண்டிகளுக்கு நடுவில் புகுந்து போனால், கடைசியில் வெறும் கதவு. அவர் தட்டினார்.

"திறந்துதான் இருக்கு, வாங்க" என்றது ஒரு குரல்.

உள்ளே கூரை வரைக்கும் டிஷ்யூ பெட்டிகள். அட்டைக்கட்டு அட்டைக்கட்டாக மூன்று சுவரையும் மறைத்து அடுக்கியிருந்தன. நடுவில் மிஞ்சிய இடத்தில் ஒரு அடுப்பு, அதில் கொதிக்கிற பாத்திரம், பாத்திரத்தில் குட்டிக் குட்டி பாட்டில்கள். நரைத்த தலையும் மடித்துவிட்ட கைகளுமாக ஒரு நர்ஸ். அவருக்கு எதிரில், வழி தவறி வந்து சேர்ந்த ஒரு இளம் தாய். அவள் மடியில், நிமிர்த்தி உட்கார வைத்த மாதிரி, ஒரு கைக்குழந்தை. குழந்தையின் மேலுதடு மூக்குவரை இரண்டாகப் பிரிந்திருந்தது.

போர்டுக்காரரின் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் கேட்க நினைத்தது வேறு ஏதோ. ஆனால் வாயில் வந்தது அதுதான்.

"பால் குடிக்குமா?"

"குடிக்கும்" என்றார் நர்ஸ். "அதான் குடிச்சுட்டு இருக்கே. பாரு."

எட்டு வருடம், ஆறாயிரம் படிவம், பத்தொன்பது பேர் குழு. பதில் ஒரே சொல்தான்.

"வந்து உக்காரும்மா. எத்தனை மாசம்? தம்பி, அந்த ஸ்டூலை இழுத்துப் போடுங்க. இங்க பாரு, அண்ணம் பிளந்திருந்தா இதுங்களுக்கு உறிஞ்ச வராது. அதனால நாமதான் பாதி வேலை செய்யணும். இந்த பாட்டில் மெத்துனு இருக்கு பாரு, குழந்தை வாயை அசைக்கும்போது லேசா அமுக்கணும். அது நிறுத்தினா நீயும் நிறுத்தணும். படுக்க வைக்காதே, நிமிர்த்தி வச்சுக்கோ. மூக்கு வழியா கொஞ்சம் வரும், பயந்துடாதே. மத்த குழந்தைங்களை விட நேரமாகும். உதட்டை சில மாசத்துல தைப்பாங்க, அண்ணத்தை ஒரு வயசு வாக்குல. உதடு மட்டும்தான்னா மார்லயே குடிச்சாலும் குடிச்சுடும். பொறந்த அன்னிக்கே என்னைக் கூப்பிடு."

"அக்கா" என்றாள் அவள். "அஞ்சாவது மாசத்துல ஒரு சைக்கிள் குறுக்க வந்துச்சுன்னு நான் சடார்னு பிரேக் போட்டேன். பெல்ட் வயித்துல..."

"அஞ்சாவது மாசத்துலயா?" நர்ஸ் சிரித்தார். "உதடு ஒட்ட வேண்டிய நேரம் ரெண்டாவது மாசமே முடிஞ்சுடும்டி, அண்ணம் மூணாவது மாசத்துல. உனக்கு வயிறு தெரியறதுக்கு முன்னாடி. நீ பிரேக் போட்டதுல அந்த சைக்கிள்காரன் பொழச்சான். அவ்வளவுதான்."

அப்போதுதான் அவள் அழுதாள். அழுதுகொண்டே அவள் கை வைத்த இடத்தில் எல்லாம் டிஷ்யூ பெட்டி இருந்தது. மூன்று பெட்டி காலி. "இவ்வளவு எதுக்கு அக்கா இங்க?" என்று போர்டுக்காரர் கேட்டார்.

"ஸ்டோர்க்காரங்க கொண்டு வந்து அடுக்கிட்டுப் போனாங்க. இந்த ரூம் காலின்னு அவங்க லிஸ்ட்ல இருக்காம். நான் உக்காந்திருக்கும்போதேதான் அடுக்கினாங்க."

மறுநாள் காலை போர்டுக்காரர் முந்நூற்றுப் பன்னிரண்டாவது பலகையைச் செய்தார். அறைக்குத்தான் பெயர் இல்லையே. ஆகவே பெயரை எழுதவில்லை. அடர்நீலத்தில், ஒரு சாண் உயர எழுத்தில், ஒரே சொல் எழுதி மாட்டினார்: குடிக்கும்.

பிறகு ஸ்கேன் அறை வாசலில் ஆரம்பித்து, மாடிப்படியில், லிஃப்ட் பக்கத்தில், துணி வெளுக்கும் இடத்தின் திருப்பத்தில் எல்லாம் அம்புக்குறி போட்டு, மேலே 'பால் குடிக்குமா?' என்று எழுதினார். எந்த மூலையில் நின்று பார்த்தாலும் ஒரு அம்பு தெரியும். ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் கடைசியில் பதில்.

முதல் நாள் நாலு பேர் வந்தார்கள். மூன்றாம் நாள் இருபது. பத்தாம் நாள் வரிசை துணி வெளுக்கும் இடத்தைத் தாண்டியது. போர்வை வண்டிக்காரர்கள் வழி கேட்டு மணி அடித்தார்கள். உதடு பிளந்த குழந்தைகளின் பெற்றோர் மட்டும் அல்ல. இருதயத்தில் ஓட்டை, கால் வளைவு, முதுகில் கட்டி என்று கேள்விப்பட்ட பெற்றோரும் வந்தார்கள். எங்கேயோ ஒரு கதவில் பதில் சொல்கிறார்களாமே என்று வந்தார்கள். நர்ஸ் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். தெரியாததற்கு, இன்ன மாடியில் இன்னார் என்று கைகாட்டினார். கால் வைத்தியர் தன் கதவுக்கும் ஒரு பலகை கேட்டார். 'நடக்கும். கட்டுப் போடணும், நாளாகும்' என்று எழுதிக் கொடுத்தார் போர்டுக்காரர். இருதய டாக்டரிடம் போய் என்ன எழுதட்டும் என்று கேட்டபோது அவர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எல்லாருக்கும் ஒரே பதில் இல்லப்பா. சில சமயம் எனக்கே தெரியாது" என்றார். போர்டுக்காரர் அதையே எழுதினார்: 'சில சமயம் தெரியாது. உள்ளே வாங்க, பேசலாம்.' அந்தக் கதவில்தான் ஜனம் அதிகம் நின்றது.

மூன்றாவது மாடியில் ஈ ஓட்டினார்கள். படிவம் வாங்க ஆள் இல்லை. எழுத்தர் தன் கண்ணாடியை ஒரு நாளைக்கு நாற்பது தடவை துடைத்தார். ஒருநாள் ஆலோசகர் பெண்மணி படியிறங்கி வந்து, முந்நூற்றுப் பன்னிரண்டாவது கதவில் எட்டிப் பார்த்து, "நானும் கொஞ்ச நேரம் உக்காந்து பாக்கலாமாக்கா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். சாயங்காலம் வரை எழவில்லை.

இதை விசாரிக்கக் குழு அவசரமாகக் கூடியது. போர்டுக்காரரை நிற்க வைத்தார்கள். அவர் மனைவி கூடவே போய், யாரும் சொல்லாமலே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எட்டரை மாத வயிற்றை எழச்சொல்லும் விதி எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

இயக்குநர் எழுந்தார்.

"பலகை என்பது கதவுக்குப் பின்னால் என்ன துறை இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதோடு நிற்க வேண்டும். கேள்விக்குப் பதில் சொல்வது பலகையின் வேலை அல்ல. இன்றைக்குப் பலகை பதில் சொல்லும். நாளைக்கு ஊழியர்களும் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்! எட்டு ஆண்டுகள், நண்பர்களே! பெற்றோரின் கவலைகளை நாம் கண்ணும் கருத்துமாகப் பாதுகாத்து வந்தோம். ஒன்றைக்கூட வீணாக்கவில்லை. எல்லாவற்றையும் கட்டுக் கட்டி அலமாரியில் வைத்தோம். இப்போது இந்த மனிதர் கவலையை அடியோடு எடுத்துவிட்டால், நாம் எதை ஆராய்வது? நம் துறைக்கு என்று ஒரு எதிர்காலம் இருக்கிறது. குழந்தைகளின் எதிர்காலத்தை மட்டும் பார்த்தால் போதுமா?"

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று ஒரு நொடி நின்றார். மேசைக்கடியில் ஒரு கால் தரையை அழுத்தியதை யாரும் கவனிக்கவில்லை. பிறகு அவர் முடித்தார்: "அந்தப் பலகை உடனே கழற்றப்பட வேண்டும்!"

பத்தொன்பது பேரும் ஒப்புக்கொண்டார்கள். பலகை கழற்றும் படிவத்தை எழுத்தர் எடுத்து வைத்து, பேனாவைத் திறந்தார்.

"அறையின் பெயர்?" என்றார்.

பத்தொன்பது பேரும் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்கள்.

"பேர் போடாம கழற்ற முடியாதுங்க. எந்தக் கதவுலன்னு தெரியணும் இல்ல?"

"மையம்" என்றார் ஒருவர்.

"கூடம்" என்றார் எதிர்வரிசையிலிருந்து இன்னொருவர், மேசையைத் தட்டி.

போர்டுக்காரரும் அவர் மனைவியும் எழுந்து போனதைக்கூட அவர்கள் கவனிக்கவில்லை. நான் இதை எழுதுகிற வரைக்கும் அந்தக் கூட்டம் முடியவில்லை என்று கேள்வி. சாப்பாடு உள்ளேயே போகிறதாம். பலகை அப்படியேதான் இருக்கிறது. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம். அம்பைப் பிடித்துக்கொண்டே போனால் போதும்.

பெண்குழந்தை. ஒரு புதன்கிழமை முற்பகலில் பிறந்தது. உதடு ஒரு பக்கம் மூக்குவரை பிரிந்திருந்தது. அண்ணமும் பிளந்துதான் இருந்தது. பாதிச் சிரிப்பில் யாரோ கூப்பிட்டதால் திரும்பிப் பார்த்தது போல ஒரு முகம். போர்டுக்காரர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "காது உன்னை மாதிரி" என்றார்.

பால் அக்கா கொதிக்க வைத்த பாட்டிலோடு மேலே வந்தார். இப்போது எல்லோரும் நர்ஸை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர் குழந்தையை நிமிர்த்தி அவள் கையில் கொடுத்தார். பாட்டிலையும் கொடுத்துவிட்டு, தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீயே குடு."

அவள் பாட்டிலின் காம்பைக் குழந்தையின் வாயில் வைத்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவளின் வலது பாதம் தரையை அழுத்தியது. விரல்கள் வெளுத்துப் போகிற அளவுக்கு அழுத்தம். குழந்தை வாயை அசைத்தது. அமுக்கினாள். குழந்தை நிறுத்தியது. நிறுத்தினாள். மூக்கு வழியாக ஒரு சொட்டு வந்தது. போர்டுக்காரர் பதறி ஒரு அடி முன்னால் வந்தார்.

"அது வரும்" என்றாள் அவள், நிமிராமல். "தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கறீங்க."

மறுபடி அசைந்தது. அமுக்கினாள். தொண்டையில் ஒரு சின்ன அலை ஏறி இறங்கியது. சத்தம் மூவர் காதிலும் விழுந்தது: மடக். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு மூன்றாவது.

"எவ்வளவு நேரம் ஆகும்க்கா?" என்றார் போர்டுக்காரர் கிசுகிசுப்பாக.

"ஆகட்டுமே, உங்களுக்கு எங்க போகணும்?" என்றார் பால் அக்கா.

பாட்டிலில் பால் ஒரு கோடு இறங்கியது. இன்னொரு கோடு. அவள் குழந்தையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. போர்டுக்காரர்தான் தற்செயலாகக் கீழே பார்த்தார். அவளுடைய வலது கால் தரையில் இல்லை. கட்டிலின் விளிம்பில் தொங்கிக்கொண்டு, சும்மா, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது.